மோப்பக்காரர் மாற்றி வைத்த டீ

என் மாமா யாரையும் நம்பமாட்டார். வீட்டுக்கு வரும் பாலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரை வாசலிலேயே நிறுத்தி, இரண்டு கையாலும் தூக்கி ஆட்டி, கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பழுது பார்த்து வந்த கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் மாறியிருக்கு. உள்ள இருந்ததை எடுத்துட்டு வேற எதையோ போட்டிருக்கான்" என்றார்.

"ஆமா, உங்க வாட்ச்சுக்குள்ள வைரம் இருந்துச்சு. அதைத்தான் எடுத்துட்டான்" என்றாள் அத்தை, அடுப்படியிலிருந்து.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வேலை அவரை அப்படி ஆக்கிவிட்டது. நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறப்பவர் அவர். தெருவுக்குத் தெரு தரைக்கடியில் ஒரு குழி, அதன்மேல் இரும்பு மூடி, உள்ளே வால்வு. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவார். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு வேகத்தில் என்பதெல்லாம் அவர் கைத்திருப்பில் இருக்கிறது. திறந்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. குழாயில் ரகசியமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களையும் பிடிக்க வேண்டும். ஒருவர் உறிஞ்சினால் தெருக்கோடி வீடுகளில் குழாய் வெறும் காற்றைக் கக்கும். மாமா சாவியின் ஒரு நுனியைக் குழாயில் ஊன்றி, மறுநுனியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "நீலக் கதவு வீடு" என்பார். போய்ப் பார்த்தால் துணி ஊறும் தொட்டிக்குப் பின்னால், சாக்குப் போர்த்திக்கொண்டு மோட்டார் உட்கார்ந்திருக்கும். தெருவில் அவருக்கு 'மோப்பக்காரர்' என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்த வீட்டு மாடி அறையில் இருப்பவன் நான். அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் கிராமத்துக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். இதை எங்கே எழுதக் கிடைத்தாலும் எழுதிவிடுவேன், கூச்சப்பட மாட்டேன். படிக்க வந்தபோது அத்தை வீட்டில் தங்கினேன். படிப்பு முடிந்து, நகரத்து ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் இசிஜி, எக்கோ எடுக்கும் வேலை கிடைத்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டேன். பட்டம் வாங்கிய போட்டோவைக் கூடத்தில் மாட்டினேன். மாமா அதைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அங்கி வாடகைதானே மாப்ள?"

"அங்கி வாடகை மாமா. பட்டம் சொந்தம்."

"ம்" என்று திரும்ப மாட்டினார். கொஞ்சம் கோணலாக.

அவர் துறையில் ஒருமுறை ஊழியர்களுக்கெல்லாம் உடல் பரிசோதனை வைத்தார்கள். அன்று மாமா விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விசில் அடிக்கிற ஆளே இல்லை அவர்.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப்பத்து. ஆபீஸ்லயே எனக்குத்தான் அதிகம்" என்றார், பரிசு வாங்கியவர் மாதிரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, அது நல்ல சேதி இல்ல. அதுக்குப் பேரு ரத்த அழுத்தம்."

"அழுத்தம் இல்லாம என்னடா சப்ளை? பிரஷர் இருந்தாத்தானே கடைசி வீடு வரைக்கும் தண்ணி ஏறும்? என் தலை எங்க இருக்கு? மேல, மாடி வீடு மாதிரி. பிரஷரைக் குறைச்சா மூளைக்கு யாரு ஏத்திக் குடுப்பா, உங்க டாக்டரா? மாத்திரைங்கறது வால்வைப் பாதி மூடுற வேலை மாப்ள. பாதி மூடின வால்வுக்காக ஊர் முழுக்கத் திட்டு வாங்கினவன் நான். என்கிட்ட வந்து பாடம் நடத்தாத."

"சரி, பழைய குழாய்ல தேவைக்கு மேல பிரஷர் விட்டா என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

"அதுதான் நானும் சொல்றேன்."

"என் குழாய் பழசுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

இப்படித்தான் பேச்சு முடியும், ஒவ்வொரு முறையும். இருந்தாலும் நான் விடவில்லை. என் வேலையிடத்தைப் பார்க்க வாருங்கள் என்று சொல்லிக் கூட்டிப்போய், படுக்கவைத்து எக்கோ எடுத்தேன். திரையில் அவருடைய இதயம் திறந்து மூடியது. இடது கீழறையின் சுவர் இருக்கவேண்டியதைவிடத் தடித்திருந்தது. பல வருஷமாக அளவுக்கு மீறிய அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வந்த தடிப்பு. எங்கள் பிரிவின் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

"தடிச்சிருக்கா? அப்ப பலமாத்தானே இருக்கு?" என்றார் மாமா.

"பலம் இல்ல மாமா. தடிச்ச சுவர் விறைச்சுப் போகும். சரியா விரியாது, அதனால ரத்தம் முழுசா உள்ள நிறையாது. அந்தச் சுவருக்கே ரத்தம் கொண்டு போற மெல்லிய குழாய்ங்க இருக்கு. சுவர் வளர்ற அளவுக்கு அதுங்க வளராது. அழுத்தம் அதுங்களையும் உள்பக்கமா கெடுத்து அடைச்சிடும். ஒருநாள் மாரடைப்பு வரும். இல்லன்னா இந்தச் சுவரே ஓஞ்சு, பொதபொதன்னு தளர்ந்து போகும்."

மாமா திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

"இது என்னோடதுதானா? முன்னால படுத்திருந்தானே, அந்த ஆளோடது இல்லையே?"

கூட வந்திருந்த அத்தை அவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தார், என் பெரியப்பா. அவருக்கும் இதே மாதிரி அழுத்தம், இதே மாதிரி வீம்பு. பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய மாத்திரைகள் பிரிக்காமலேயே அலமாரியில் இருந்தன. அவற்றை எடுத்துத் தூர எறிந்தது அத்தைதான். இவரும் அப்படிப் போய்விடக்கூடாது. அன்று முதல் அத்தைக்கு இருந்தது இந்த ஒரே கவலை.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் காலையில் ஒன்று. அத்தை தண்ணீரும் மாத்திரையுமாக அவர் முன்னால் நிற்பாள். மாமா வாயில் போட்டு, நாக்குக்கடியில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ப் பூச்செடியில் துப்பிவிடுவார். சில நாளில் அத்தை அதைக் கண்டுபிடித்தாள்.

"செடிக்கு இப்ப பிரஷர் நல்லாக் குறைஞ்சிருக்கும்" என்றாள். "உங்களுக்குத்தான் குறையல."

சண்டை வந்தது. அழுகை வந்தது. பேசாமல் இருந்து பார்த்தாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளை போனில் பேசவைத்தாள். எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் அத்தை மாத்திரை பேச்சையே விட்டுவிட்டாள்.

அங்கேதான் மாமாவின் மூக்கு விழித்துக்கொண்டது. அவர் வேலையில் ஒரு பாடம் உண்டு. தண்ணீர் வரவில்லை என்று தினமும் கத்துகிற தெரு திடீரென்று அமைதியானால், அங்கே யாரோ மோட்டார் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தை அமைதியாகிவிட்டாள். ஆகவே எங்கோ ஒரு மோட்டார் ஓடுகிறது.

இனி சொல்லப்போவது எனக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. வாசிப்பவர் குழம்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அத்தை மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் பொடியாக்கி, காலை டீயில் கலக்க ஆரம்பித்திருந்தாள். கசப்பு தெரியாமலிருக்க டீயைத் திடமாகப் போட்டு, சர்க்கரையைக் கூட்டினாள். இரண்டு கப்பிலும் ஒரே அளவு சர்க்கரை, இல்லாவிட்டால் மோப்பக்காரர் கண்டுபிடித்துவிடுவார். அந்த வீட்டில் கப்புகள் எல்லாம் ஒரே ஜோடி. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் பச்சைக் கோடு. மாமாவுடைய கப்பை அவர் உட்காரும் ஜன்னல் பக்கம் வைப்பாள். தன்னுடையதை இந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுப்பை அணைக்க உள்ளே போவாள்.

அவள் திரும்பி வருவதற்குள் மாமா இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிடுவார்.

அவருடைய கணக்கு நேரானது. கேட்டால் இல்லை என்பாள். கையும் களவுமாகப் பிடிக்காமல் யார்மீதும் குற்றம் சொல்லக்கூடாது என்பது அவர் தொழிலின் ஒழுக்கம். அதனால் மாற்றி வைத்து, முகத்தைப் பார்ப்போம். கலந்திருந்தால் குடிக்கத் தயங்குவாள். அந்த இடத்தில் பிடித்துவிடலாம். ஆனால் அத்தை தயங்கவே இல்லை. மாற்றி வைத்தது தெரிந்தால்தானே தயங்குவாள்? அவள் டீயை ரசித்துக் குடித்த ஆளும் இல்லை. ஆறவிட்டு, நின்றபடி, ஒரே மூச்சில் மடக்கென்று இறக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். 'சும்மா சந்தேகப்பட்டுட்டோம் போல' என்று மாமா நினைத்தாராம். ஆனாலும் மறுநாளும் மாற்றி வைத்தார். ஒரு தெரு ஒருநாள் ஒழுங்காக இருந்துவிட்டால் அடுத்த நாள் சோதிக்காமல் விடுவதா?

ஆக, மாமாவின் மாத்திரையை அத்தை தினமும் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுத்தம் என்றைக்குமே சரியாக இருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அத்தை என்னிடம் அடிக்கடி, "தம்பி, மாமாவுக்கு ஒருதரம் பிரஷர் பாரேன்" என்பாள். பார்ப்பேன். நூற்று எண்பத்தைந்து. அவள் முகம் தொங்கிப்போகும். மாத்திரையே போடாத மனிதருக்கு ஏன் குறையும் என்று எதிர்பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவோ கையில் பட்டியைச் சுற்றியபடி என் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒண்ணுல கேக்கலன்னா ரெண்டு குடுப்பாங்களாடா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சில பேருக்கு அளவைக் கூட்டுவாங்க அத்தை. ஆனா அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்."

அவள் காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்திருக்கிறது. காலையில் ஒன்று என்பது இரண்டாயிற்று. அப்படியும் மாமாவுக்குக் குறையாததால் மாலை டீயிலும் இரண்டு சேர்ந்தது. நசுக்கிய கரண்டியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதை நான் ஒருமுறை கழுவு தொட்டியில் பார்த்தேன். "என்ன அத்தை இது?" என்றேன். "சோடா மாவு" என்றாள், சட்டென்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு. சோடா மாவை யார் இப்படிப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தோன்றியது. மாடி ஏறியதும் மறந்துவிட்டேன்.

அத்தைக்குக் கணுக்கால் வீங்கியது. குனிந்து எழுந்தால் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறதுக்குப் புது வழி கண்டுபிடிச்சிருக்கா" என்றார் மாமா என்னிடம், குரலைத் தாழ்த்தி. "அவளுக்கு முடியலன்னா நான் கூடப் போகணும். போனா, வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் காட்டிடுங்கன்னு ஆரம்பிப்பா. எனக்குத் தெரியாதா?"

"நான் வேணா அத்தைக்குப் பிரஷர் பாக்கறேன்."

"எனக்கு என்ன கேடு? அதெல்லாம் வேண்டாம்" என்று அத்தையே உள்ளிருந்து சொன்னாள். ஒருவரை ஒருவர் கண்ணால் அளந்துகொண்டு, மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

பிறகு அந்த வெயில் நாள் வந்தது. முந்தின இரவு சாப்பிட்டது எதுவோ அத்தையின் வயிற்றைக் கெடுத்துவிட்டது. விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியும். நான் அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தேன். அந்த நிலையிலும் அத்தை எழுந்து டீ போட்டிருக்கிறாள். மாலையில் தன்னால் எழுந்திருக்க முடியாவிட்டால் அவருக்கு மாத்திரை தவறிவிடுமே என்று, மாலைக்கு உரியதையும் சேர்த்து நான்கையும் ஒரே கப்பில் கலந்தாள். ஜன்னல் பக்கம் வைத்தாள். அடுப்பை அணைக்கப் போனாள். மாமா மாற்றி வைத்தார். வயிறு காலியாக இருந்ததால், ஆறும்வரை காத்திராமல் அவள் குடித்துவிட்டாள்.

வெயில் ஏறியதும் கொல்லைக் குழாயடியில் விழுந்தாள்.

மாமா முதலில் கிட்டப் போகவில்லையாம். நாடகமாக இருக்கும் என்று கதவருகே நின்று, "எழுந்திரு, போதும்" என்றாராம். அவள் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவரைப் பார்க்கவில்லை. தொட்டால் கை சில்லென்று, வியர்வையில் நனைந்திருந்தது. அப்போதுதான் கத்தினாராம். சுவர் ஏறிக் குதித்து வந்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். மாமா பல வருஷமாக மோட்டார் சந்தேகத்தில் வைத்திருக்கும் ஆள். அவர்தான் அத்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வேனில் படுக்கவைத்தார்.

சேதி கேட்டு நான் எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தபோது அத்தையின் பிரஷரில் மேல் எண்ணே எழுபதுதான். நாடி நூல் மாதிரி, வேகமாக ஓடியது. "அண்ணே, பஸ்சு வந்துடுச்சா?" என்று என்னைக் கேட்டாள். செத்துப்போன அண்ணனிடம் பேசுகிறாள் என்று புரிந்தது.

எங்கள் பிரிவு டாக்டரம்மாவும் இறங்கி வந்து மளமளவென்று வேலை பார்த்தார். இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பாட்டில் திரவம் வேகமாக இறங்கியது. நர்ஸ் ஒயர்களை ஒட்ட, நான் இசிஜி எடுத்தேன். வேகம்தான், வேறு கோளாறு இல்லை.

"வீட்டுல ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று டாக்டரம்மா மாமாவைக் கேட்டார்.

"தலைவலிக்குக்கூட ஒண்ணும் போட மாட்டா" என்றார் மாமா. பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு என்னைத் தனியாக இழுத்து, "அந்த பாட்டில்ல என்ன?" என்றார்.

"உப்புத் தண்ணி மாமா."

"உப்பு பிரஷருக்கு ஆகாதுன்னு நீதானேடா சொன்ன?"

"அது உங்களுக்கு. அத்தைக்கு இப்ப பிரஷரே இல்ல. உப்பு இருந்தாத்தான் தண்ணி ரத்தக்குழாய்க்குள்ள நிக்கும்."

"ஒரே உப்பு, எனக்கு விஷம், அவளுக்கு மருந்தா? பாத்துக்க, என்னமோ மறைக்கறாங்க."

இரண்டு பாட்டில் முடிந்தது. டாக்டரம்மா அத்தையின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். கை சூடாகிவிட்டிருந்தது, சிவந்தும் இருந்தது. அழுத்தம் மட்டும் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. கட்டிலில் மாட்டியிருந்த சிறுநீர்ப் பை காலியாகவே தொங்கியது. "வெறும் பேதின்னா இவ்வளவு திரவத்துக்கு ஏறியிருக்கணும். கை இப்படிச் சூடா இருக்கக்கூடாது" என்றார். ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அதற்கான மருந்தையும் போடச் சொன்னார். எக்கோ மெஷினைக் கட்டிலருகே தள்ளி வந்து பார்த்தோம். இதயம் நன்றாகவே அடித்தது.

நடைபாதை பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். "என்னடா சொல்றாங்க? மறைக்காம சொல்லு."

"இதுக்கு ஷாக்னு பேர் மாமா."

"கரண்ட் ஷாக்கா? குழாயடியில ஒயர் எதுவும் இல்லையே."

"கரண்ட் இல்ல. பயந்து வர்றதும் இல்ல. உடம்புல கடைசி வீடுகளுக்குத் தண்ணி போகாம நின்னு போற நிலைமை. மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் வெறும் குழாயை வச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் ஒவ்வொண்ணா கெட்டுப்போகும். அதுக்குள்ள காரணத்தைப் பிடிச்சாகணும்."

அவர் முதல்முறையாக என்னை எதிர்த்துப் பேசவில்லை. "மோட்டார்?" என்றார்.

"இதயம் நல்லா ஓடுது. இப்பத்தான் பார்த்தேன். உங்களுக்கு மாரடைப்பு வந்திருந்தா மோட்டார் படுத்து இதே ஷாக் வந்திருக்கும். அத்தைக்கு அது இல்ல."

"தொட்டி?"

"பேதியில காலியாத்தான் இருந்துச்சு. ரொப்பியாச்சு."

"ரொப்பியும் ஏறலயா?"

"ஏறல. எல்லாக் குழாயும் ஒரே நேரத்துல அகலமாகிட்ட மாதிரி இருக்கு. குழாய் அகலமானா அதே தண்ணிக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? கிருமி பரவினா அப்படி ஆகும், டாக்டரம்மா அதைத்தான் சந்தேகப்படறாங்க. இல்லன்னா பிரஷர் மாத்திரை தின்னாலும் ஆகும். ஆனா அத்தைதான் மாத்திரையே போடறதில்லையே."

மாமா தலையைத் திருப்பினார். "பிரஷர் மாத்திரை வால்வைத்தானே மூடும்?"

"இல்ல மாமா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உங்களுக்குக் குடுத்த மாத்திரை வால்வை மூடாது. குழாயை அகலப்படுத்தும். இறுகிக் கிடக்கிற குழாய் தளர்ந்து, ரத்தம் தாராளமாப் போகும். அதனாலதான் உங்களுக்கு அது நல்லது."

அவருடைய முழங்கால்மேல் இருந்த கை ஒரு வால்வைத் திருப்புவதுபோல மெல்ல அசைந்து நின்றது. பிறகு வாய் மட்டும் திறந்தது.

"டீ."

"குடிக்கறீங்களா? வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்... அவ டீயில எனக்கு என்னமோ கலக்கறான்னு ஒரு சந்தேகம் மாப்ள. அதனால நான் கப்பை மாத்தி வச்சேன்."

"எப்ப?"

"தினமும்."

எழுந்து உள்ளே ஓடினார். நர்ஸ் தடுக்கத் தடுக்கக் கட்டிலருகே குனிந்து, "ஏய், இங்க பாரு. டீயில என்ன போட்ட? சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்றார்.

திரவம் ஏறியதில் அத்தைக்கு நினைவு கொஞ்சம் தெளிந்திருந்தது. பிடிபட்டுவிட்டோம் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. கண்ணில் நீர் வழிந்தது. "உங்க மாத்திரைதான். இன்னிக்கு நாலு போட்டேன்... உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே? தலை சுத்தலயே?"

"நான் குடிக்கல."

"குடிச்சீங்களே, நான் பாத்தேனே."

"நான் குடிச்சது உன்னோடது. என்னோடதை நீ குடிச்ச." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் குடிக்க வச்சேன்."

நான் அதற்குள் டாக்டரம்மாவிடம் மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கணம் என்னை, பிறகு மாமாவை, பிறகு அத்தையைப் பார்த்தார். அந்த மாத்திரையின் வேலையை மட்டுப்படுத்தச் சுண்ணாம்புச் சத்து மருந்தை ஊசி வழியாக மெதுவாகச் செலுத்தினார். தளர்ந்த ரத்தக்குழாய்களை இறுக்குகிற இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு, அத்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார். அந்த மாத்திரை உடம்பைவிட்டு இறங்க நேரமெடுக்கும், அதுவரை பிடித்து நிறுத்த வேண்டும் என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மாமா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது. எண்பத்திரண்டு. மறுபடி எழுபத்தெட்டு. "மிஷின் சரியாத்தான் காட்டுதா?" என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தையல்காரர் பன்னும் தண்ணீரும் வாங்கி வந்து நீட்டினார். மாமா வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்காமல் குடித்தார். அவர் அப்படிக் குடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நூற்றைத் தொட்டது. நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டி, "யூரின் வர ஆரம்பிச்சிடுச்சு" என்றார், ஏதோ பிள்ளை பிறந்த சேதி மாதிரி.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வீட்டுக்கு வந்துடுச்சுடா" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அத்தையை சாதாரண வார்டுக்கு மாற்றியதும் கச்சேரி ஆரம்பித்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் விஷம் வைக்கறேன்னு நெனச்சீங்களா?"

"விஷம்னு நெனக்கல."

"நெனக்காமத்தான் என்னைக் குடிக்க வச்சுப் பாத்தீங்களா?"

"நீ குடிக்கிறேன்னா அதுல தப்பா எதுவும் இருக்காதுன்னுதான்..."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லாமயா இருந்தேன்? மாசக்கணக்கா சொன்னேன். செடியில போய்த் துப்பினீங்க!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் செத்திருந்தா, ஊரு என்ன சொல்லியிருக்கும்? உங்க மோப்பம் அப்பவும் எங்க போய்த் தேடியிருக்கும்? தையக்காரர் வீட்டுலயா?"

நான் நீட்டிய சுளையை மாமா வாங்கி, அத்தையின் கையில் வைத்தார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன கலந்திருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் அவள் தின்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அத்தை கட்டிலில் படுத்திருக்க, டீ போட்டது மாமா. டீயா அது, வெந்நீருக்குச் சாயம் ஏற்றியது. கப்புகளை வைத்துவிட்டு மாத்திரை அட்டையை என்னிடம் கொண்டுவந்தார். தேதியைப் பார்த்தார். பெயரை என்னை வாசிக்கச் சொல்லி, தானும் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்தார். "ஒண்ணுதானே?" என்று கேட்டார். "ஒண்ணுதான் மாமா. தினமும் ஒண்ணு, நிறுத்தக்கூடாது. கூட்டுறதும் குறைக்கிறதும் டாக்டரம்மா சொன்னாத்தான்" என்றேன். அத்தையும் கேட்கட்டும் என்று கடைசி வாக்கியத்தை உரக்கச் சொன்னேன்.

மாமா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. கப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகரப் போனார்.

"நில்லுங்க" என்றாள் அத்தை. தலையணைக்குப் பக்கத்தில் துழாவி ஒரு டார்ச்சை எடுத்தாள். மாமா வால்வுக் குழிக்குள் அடித்துப் பார்க்கிற டார்ச். அது எப்போது அவள் கைக்குப் போனது என்று அவருக்கே தெரியவில்லை.

"முழுங்கிட்டேன்டி."

"வாயைத் திறங்க."

திறந்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து, வெளிச்சத்தை இந்தப் பக்கம் அடித்தாள், அந்தப் பக்கம் அடித்தாள். எந்தச் சந்திலும் எந்த மோட்டாரும் இல்லை என்று உறுதியான பிறகும் டார்ச்சை அணைக்காமல், "தம்பி, நீயும் ஒருதரம் பாரு. இந்த ஆளை நம்ப முடியாது" என்றாள்.